இது கொட்டன்தானோ? துணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் வீட்டு விறாந்தையில் தையல் வகுப்பு நடக்கிறது. வெட்டவும் தைக்கவும் பழகத்தான் பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் இரண்டாம் கிழமையே பேச்சு துணியின் பக்கம் திரும்பிவிடும். கூட்டிப்போக வரும் அம்மாமாரும் படலையில் நின்று அதே கேள்விகளைக் கேட்பார்கள். ஒன்றையே பலமுறை சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதிவைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

"ரீச்சர், துணி தெரியும். இந்த நார் எண்டுறது என்ன?"

பழைய வேட்டியின் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி எடுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். முறுக்கு அவிழ்ந்ததும் இழை தளர்ந்து, மெல்லிய பஞ்சு மயிர்களாகப் பிரிந்து கையோடு வந்துவிடும். அந்த மயிர்தான் நார். சாதாரணப் பருத்தியில் அது இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர் நீளம்தான். அவ்வளவு குட்டி நார்களைச் சேர்த்து முறுக்கினால் நூல். நூலை நெய்தால் அல்லது பின்னினால் துணி.

நார், நூல், நெசவு, சாயம், தையல். உடுப்பில் ஒரு பிழை தெரிந்தால் அது இந்த ஐந்தில் எங்கே தொடங்கியது என்று தேடிப் பாருங்கள். கீழே வரும் பல கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

"எத்தினை வகை நார் இருக்கு?"

செடியிலிருந்து வருபவை ஒரு கூட்டம்: பருத்தி, ஆளிச்செடியின் தண்டில் எடுக்கும் லினன், சாக்குக்குப் பயன்படும் சணல். விலங்கிலிருந்து வருபவை இன்னொரு கூட்டம்: கம்பளியும் பட்டும். முதல் கூட்டம் கடதாசியின் உறவு, இரண்டாவது கூட்டம் எங்கள் தலைமயிரின் உறவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நெருப்பு வைத்துப் பார்க்கும்போது உதவும்.

மூன்றாவது கூட்டம் எண்ணெயிலிருந்து பிறந்தது. நைலோன் 1935இல் அமெரிக்காவிலும் பொலியெஸ்டர் 1941இல் இங்கிலாந்திலும் கண்டுபிடிக்கப்பட்டன. இன்று உலகத்தில் உற்பத்தியாகும் நாரில் பாதிக்கு மேல் பொலியெஸ்டர்தான்.

"ரேயோனும் விஸ்கோஸும் பிளாஸ்டிக்தானே?"

இல்லை. இரண்டும் மரக்கூழிலிருந்து வருபவை. மரத்தின் கூழை இரசாயனத்தில் கரைத்து, நுண்ணிய துளைகளால் பிதுக்கி, திரும்பவும் நாராக உறைய வைக்கிறார்கள். விஸ்கோஸ் முறை 1892இலேயே வந்துவிட்டது. உடுத்தினால் குளிர்ச்சியாக இருக்கும், வழுவழுவென்று விழும். ஆனால் நனைந்தால் தன் பலத்தில் கிட்டத்தட்டப் பாதியை இழந்துவிடும். அதனால் இதைக் கல்லில் அடித்துத் தோய்க்கவே கூடாது.

"கொட்டன் எண்டு சொல்லித்தான் தந்தவை. வீட்டை கொண்டுவந்தா வேற மாதிரிக் கிடக்கு. எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

வகுப்பில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கடையில் தொட்டுப் பார்த்துச் சொல்வது எனக்கே சிலவேளை பிழைக்கும், ஏனென்றால் இப்போது பொலியெஸ்டரையும் பஞ்சு மாதிரியே முடிக்கிறார்கள். வீட்டில் எரித்துப் பார்க்கலாம். உள்மடிப்பிலிருந்து நாலைந்து இழை எடுத்து, ஒரு சாவணத்தால் பிடித்து, கீழே சில்வர்த் தட்டு வைத்து, மெழுகுதிரியில் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீர் இருக்கட்டும்.

பருத்தியென்றால் உடனே பற்றும், கடதாசி எரியும் மணம் வரும், நெருப்பை எடுத்த பிறகும் நுனியில் கங்கு மினுங்கும். மிஞ்சுவது ஊதினால் பறக்கும் சாம்பல். பொலியெஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கும், உருகும், கரும்புகை விடும், ஆறியபின் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாகும். பட்டும் கம்பளியும் மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு தயங்கித் தயங்கி எரிந்து, நசுக்கினால் பொடியாகும் கரி விடும். சாம்பலுக்குள்ளே கெட்டியான துணிக்கை கையில் அகப்பட்டால் அது கலப்புத் துணி.

விஸ்கோஸ் மட்டும் பருத்தி மாதிரியே எரிந்து ஏமாற்றும். அதற்குத் தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. ஒரு இழையை நடுவில் நாக்கால் நனைத்து இழுங்கள். நனைந்த இடத்திலேயே லேசாக அறுந்தால் விஸ்கோஸ். பருத்தி நனைந்தால் இன்னும் பலமாகும்.

"எங்கட வெயிலுக்கு ஏன் கொட்டனே நல்லது எண்டு சொல்லுறியள்?"

வியர்வையை உறிஞ்சும் குணம்தான் காரணம். ஒரே ஈரப்பதமுள்ள அறையில் வைத்தால் பருத்தி தன் எடையில் 8.5 வீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், விஸ்கோஸ் 13 வீதம், பொலியெஸ்டர் வெறும் 0.4 வீதம். பங்குனி, சித்திரையில் பொலியெஸ்டர் சட்டை முதுகோடு ஒட்டுவது இதனால்தான். வியர்வையை உள்ளே எடுக்க அதற்கு இடமில்லை. இறுக்கி நெய்த தடித்த பருத்தியும் புழுங்கும் என்பதை மறக்கவேண்டாம். கோடைக்கு நார் மட்டும் போதாது, நெசவும் ஐதாக இருக்கவேண்டும்.

"நெசவும் பின்னலும் ஒண்டுதானே?"

வேட்டி, சேலை, சாரம், பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் நெசவு. தறியில் நீளவாக்கில் கட்டியிருப்பது பாவு, குறுக்கே நாடாவில், அதாவது நூலைச் சுமந்து ஓடும் கட்டையில், போய்வருவது ஊடு. பாவு நூல் தறியின் இழுப்பைத் தாங்கவேண்டும் என்பதால் அதற்கு முன்கூட்டியே கஞ்சி போடுவார்கள். ஒன்று மேலே ஒன்று கீழே போனால் சாதாரண நெசவு. இரண்டைத் தாண்டி ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இழை தள்ளிப் போனால் சாய்வுக்கோடு விழும், அதுதான் டெனிம். நீளத் தாண்டிப் போனால் சற்றீன், மினுங்கும், ஆனால் எதிலாவது கொழுவினால் இழை இழுபடும்.

ரீசேட், பெனியன், காலுறை எல்லாம் பின்னல். கண்ணிக்குள் கண்ணி போட்டது. அதனால்தான் இழுத்தால் நீளும், ஒரு கண்ணி அறுந்தால் ஏணி மாதிரிக் கீழே ஓடும். தைக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் நெசவுத் துணிக்குப் போடும் ஊசியையே ரீசேட்டுக்கும் போட்டு ஓட்டை ஓட்டையாக்கிவிடுவீர்கள். பின்னலுக்கு முனை மழுங்கிய ஊசி வேண்டும்.

"வேட்டியில நாப்பது, அறுபது, எண்பது எண்டு போட்டிருக்கு. அது என்ன கணக்கு?"

நூலின் மெல்லிசுக் கணக்கு. 840 யார் நீளம் ஒரு கழி. ஒரு இறாத்தல் எடையில் அப்படி எத்தனை கழி தேறுகிறதோ அதுதான் இலக்கம். 40ஆம் இலக்க நூலென்றால் ஒரு இறாத்தலில் 33,600 யார், அதாவது 30 கிலோமீற்றருக்கு மேல். இலக்கம் கூடக்கூட நூல் மெல்லிசு. நல்லூர்த் திருவிழாவுக்கு உடுத்த 80, 100 நன்றாக இருக்கும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் 40 போதும், நெடுநாள் உழைக்கும்.

"யாழ்ப்பாணத்தில பருத்தி விளைஞ்சதோ? இல்லாட்டி ஏன் பருத்தித்துறை எண்டு பேர்?"

பேரே சொல்கிறது, பருத்தி ஏறி இறங்கிய துறை. அந்தப் பேரை வாசித்துப் பழகியும் பொருளை நினைக்காமல் கடந்துபோகிறோம். 'பொயின்ற் பீட்ரோ' என்ற ஆங்கிலப் பேர் போர்த்துக்கேயரின் 'கற்பாறை முனை' என்ற சொல்லிலிருந்து வந்தது. எங்கள் பேர் துணியோடு சேர்ந்தது.

இன்னொரு சொத்தும் இங்கே இருந்தது: சாயவேர். மணல் நிலத்தில் படரும் சிறு பூண்டு, வேரில் சிவப்புச் சாயம். மன்னார், வன்னி, தீவுகள், யாழ்ப்பாணம் எங்கும் கிண்டி எடுத்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் அது அரசாங்கத்துக்கு வருமானம் தரும் பொருளாக இருந்தது. தென்னிந்தியாவின் சிவப்புச் சித்திரத் துணிகளுக்குச் சிவப்பைக் கொடுத்தது இந்த இனத்து வேர்தான். இன்று இலங்கையின் மிகப்பெரிய ஏற்றுமதித் தொழில் ஆடை தைப்பது. அதற்கான பஞ்சும் துணியும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகின்றன. கைத்தறிச் சாரம் வேண்டுமென்றால் கிழக்கே மருதமுனைப் பக்கம் தேடவேண்டியிருக்கிறது.

"பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஏன் கிணத்துத் தண்ணியில மங்கிப்போகுது?"

யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்திருப்பீர்கள், அதே பொருள்தான். சவர்க்காரம் இந்தத் தண்ணீரோடு சேர்ந்தால் நுரைக்காமல், பிசுபிசுப்பான ஒரு படிவாகிறது. அது நாருக்கு இடையில் ஏறி, அழுக்கையும் பிடித்துவைத்து, துணியைச் சாம்பல் நிறமாக்கி மொரமொரக்க வைக்கிறது. சலவைத்தூளில் இந்தத் தொல்லை குறைவு. கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி வினாகிரி விட்டுப் பாருங்கள், படிவு கரைந்து துணி மெத்தென்று வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீர் பிடித்துத் தோய்த்தால் இன்னும் நல்லது, அதில் சுண்ணாம்பே இல்லை.

இன்னொன்று. புதுச் சட்டையின் வெண்மை பஞ்சின் நிறம் இல்லை. வெயிலில் நீல ஒளி விடும் ஒரு பூச்சு அது. தோய்த்துக் காயக் காயப் பூச்சுப் போகும். அதைப் பிடிக்கவென்று குளோரின் திரவத்தை அள்ளி ஊற்றவேண்டாம், பஞ்சு இற்றுப்போகும். பட்டுக்கும் கம்பளிக்கும் அது ஒரு சொட்டும் ஆகாது.

1990இல் போரால் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபின் சவர்க்காரம் கிடைக்காத காலத்தில் பனம்பழத்தால் தோய்த்தோம். பழத்தைப் பிசைந்து களியை உடுப்பில் தேய்ப்போம், நுரை வரும். பனங்களியில் இருக்கும் கசப்புப் பொருள் சப்போனின் என்ற இனத்தைச் சேர்ந்தது. அது சவர்க்காரம் மாதிரிச் சுண்ணாம்போடு சண்டைபோடாது, அதனால் எங்கள் தண்ணீரிலும் நுரைக்கும். பனம்பழ வாசம் மட்டும் போகாது. கொடியில் காய்ந்த என் வெள்ளைச் சட்டையின் ஒரு கையை மாடு சப்பியே முடித்துவிட்டது. அடுத்த நாள் அம்மா மற்றக் கையையும் வெட்டி, கையில்லாச் சட்டையாகத் தைத்துத் தந்தா. நான் பார்த்த முதல் தையல் திருத்தம் அதுதான்.

"புதுச் சேலையை உப்புத் தண்ணியில ஊறவைச்சா சாயம் போகாதாமே?"

சாயத் தொழிற்சாலையில் உப்புப் போடுவது உண்மை. தொட்டியில் கரைந்திருக்கும் சாயத்தை நாருக்குள் தள்ள அது உதவுகிறது. அந்தக் கதைதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. சாயம் ஏற்கனவே சரியாகப் பிடித்த சேலைக்கு உப்பு தேவையில்லை, பிடிக்காத சேலைக்கு உப்பால் பயனில்லை. பிடிக்காமல் மேலே நிற்கும் சாயத்தைக் குளிர்ந்த தண்ணீரில் தனியாக இரண்டு மூன்று முறை அலசி வெளியேற்றுங்கள். வாங்கும்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள், அது போதும். காயப்போடுவது நிழலில். எங்கள் வெயில் சாயத்துக்குத் தண்ணீரைவிடப் பெரிய எதிரி.

"முதல் தோய்ச்சலிலயே சுருங்கிட்டுது. தையல்காரர் துணியைத் திருடிட்டாரோ?"

பாவம் அவர். தறியில் இழுத்துக் கட்டிய நூல் நனைந்ததும் தளர்ந்து தன் பழைய நிலைக்குப் போகிறது. பருத்தியிலும் விஸ்கோஸிலும் இது கூட, பொலியெஸ்டரில் குறைவு. தைக்கக் கொடுக்குமுன் துணியை ஓரிரவு ஊறவைத்துக் காயவிட்டுக் கொடுங்கள். உள்ளே வைத்துத் தைக்கும் துணியையும் சேர்த்து. இதை மறந்தால் மேல்துணி ஒரு பக்கமும் உள்துணி ஒரு பக்கமும் இழுக்கும்.

"அம்மான்ர கூறைச் சேலை மடிப்பு மடிப்பாக் கிழியுது. என்ன செய்ய?"

பட்டு மடிப்பில்தான் முதலில் முறியும். வருடக்கணக்காக ஒரே கோட்டில் மடிந்திருந்தால் அந்தக் கோட்டு நார்கள் தனித்தனியாக ஒடியும். கிழிந்த இடத்துக்குப் பின்னால் மெல்லிய பட்டுத் துண்டு வைத்துத் தைக்கலாம், கிழியாத இடத்தைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறது. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, வேறு இடத்தில் மடியுங்கள். கடைப் பிளாஸ்டிக் பையில் விடாமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது.

சரிகை கறுப்பது வேறு கதை. நல்ல சரிகையென்றால் வெள்ளிக் கம்பி சுற்றிய நூல், மேலே தங்க முலாம். முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி, காற்றில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும். புளியும் பற்பசையும் போட்டுத் தேய்த்தால் மிச்ச முலாமும் போய்விடும். தேய்க்காதீர்கள்.

"பட்டுக்காகப் புழுவைக் கொல்லுறது உண்மையோ? கோயிலுக்கு உடுத்துறமே."

உண்மை. ஒரு கூட்டில் பல நூறு மீற்றர் நீள இழை அறுபடாமல் சுற்றியிருக்கிறது. பூச்சி வெளியேறினால் கூட்டில் ஓட்டை விழுந்து இழை துண்டாகும் என்பதால், அதற்கு முன்னே சூட்டில் கொன்றுவிடுகிறார்கள். பூச்சியை விட்டபின் எடுக்கும் பட்டும் விற்பனைக்கு வருகிறது. துண்டு இழைகளை நூற்றுச் செய்வதால் மினுக்கம் குறைவு. நான் கோயிலுக்குப் பருத்திதான் உடுக்கிறேன்.

"நீர்வேலியில வாழைத்தண்டை வெட்டி எறியிறாங்கள். அதில துணி நெய்யலாமே? பனையில?"

வாழைத்தண்டின் மடலில் நல்ல பலமான நார் இருக்கிறது. வாழை இனத்து நாரில் ஜப்பானின் ஒக்கினாவாவில் துணி நெய்கிறார்கள், பிலிப்பைன்ஸ் அபக்கா என்ற கயிற்று நாரையே உலகத்துக்கு அனுப்புகிறது. தனியே எடுத்தால் விறைப்பாக இருக்கும், பருத்தியோடு கலந்தால் உடுப்புக்கு ஆகும். வேலை நாரை எடுப்பதில்தான். தண்டின் பெரும்பகுதி தண்ணீர், அதனால் வெட்டிய கையோடு தோட்டத்துக்குப் பக்கத்திலேயே சீவி எடுக்கவேண்டும். பைக்கும் மேசை விரிப்புக்கும் இங்கே தொடங்கலாம் என்று மனதார நம்புகிறேன்.

பனந்தும்பு மட்டையின் அடியில் வருவது. தூரிகைக்கும் தும்புத்தடிக்கும் அருமையானது, உடம்பில் போட முடியாது. பனையில் எங்களுக்குக் கிடைத்த நெசவு ஓலையில் இருக்கிறது, பெட்டியும் பாயும் கடகமும்.

"இயற்கைச் சாயம் எண்டால் தீங்கில்லைத்தானே?"

சாயவேரானாலும் துணியில் நிலைக்க ஒரு பிடிப்பான் வேண்டும். சீனாக்காரமும் கடுக்காயும் பழைய முறை, பாதிப்புக் குறைவு. குரோமியம், செம்பு உப்புகளைப் போட்டு 'இயற்கை' என்று விற்கும் துணியும் இருக்கிறது. எனவே எதில் சாயம் எடுத்தார்கள் என்பதோடு எதனால் பிடிக்க வைத்தார்கள் என்றும் கேளுங்கள். வீட்டில் சாயம் போடுபவர்கள் கழிவைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் குகையும் உண்டு, ஊற்றியது நேரே கிணற்றுக்கே போய்ச்சேரும்.

"அப்ப கொட்டன் நல்லதோ, பொலியெஸ்டர் நல்லதோ? சுற்றாடலுக்குக் கேக்கிறன்."

ஒரு சொல்லில் பதில் இல்லை. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாகக் கிட்டத்தட்ட 10,000 லீற்றர் தண்ணீர் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதில் மழைநீரும் அடங்கும். கசகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையே உலகத்தின் நாலாவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் கடல், 1960களிலிருந்து பருத்திக்கு ஆறுகளைத் திருப்பியதால் பெரும்பாலும் வற்றிப்போனது. பொலியெஸ்டருக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டாம். ஆனால் அது எண்ணெயில் பிறக்கிறது, உக்குவதில்லை, ஒவ்வொரு தோய்ச்சலிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகளை விடுகிறது. எங்கள் வீட்டுக் கழிவுநீர் கடைசியில் போய்ச்சேரும் கடலில்தான் மீனும் பிடிக்கிறோம்.

நாரோடு கணக்கு முடிவதில்லை. எங்கள் கடைகளில் தொங்கும் ரீசேட்டுகளில் திருப்பூரிலிருந்து வந்தவை நிறைய. அங்கே சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் விழுந்து ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரே பயிருக்கு ஆகாமல் போனது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லியது. அந்தத் துணியும் பருத்திதான். ஆகவே என் பதில் இது: எந்த நாரானாலும் அதை எத்தனை வருடம் உடுத்துகிறோம் என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தைப்பொங்கலுக்கு ஒரு நல்ல பருத்திச் சட்டை எடுத்து ஐந்து வருடம் உடுத்தும் வீடு, மாதத்துக்கொன்று வாங்கும் வீட்டைவிடக் குறைவாகவே கெடுக்கிறது.

"பழைய போத்தலில செய்த துணி எண்டு விக்கினம். வாங்கலாமோ?"

போத்தலும் பொலியெஸ்டரும் ஒரே பிளாஸ்டிக் என்பதால் உருக்கி நாராக இழுக்க முடிகிறது. புதிதாக எண்ணெய் தேவையில்லை என்பது நன்மை. ஆனால் மேலே சொன்ன துகள் இதிலும் விழும். அதோடு, போத்தலாக இருந்தால் திரும்பத் திரும்பப் போத்தலாக்கலாம், துணியானபின் பெரும்பாலும் அதோடு முடிவு. மழைக்கவசம், பை போன்ற அடிக்கடி தோய்க்காத பொருளுக்கு வாங்குங்கள். உள்ளாடைக்கு வேண்டாம்.

"பழைய உடுப்பை வளவில எரிக்கலாமோ?"

எரிக்கக்கூடாது. நாலைந்து இழை எரிந்தபோது வந்த கரும்புகையை நினைத்துப் பாருங்கள், இது ஒரு மூட்டை. கலப்புத் துணியை மீள நாராக்குவதும் கடினம், அதிலும் இலாஸ்டிக் நூல் சேர்ந்திருந்தால் இன்னும் கடினம். அதனால் வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். முதலில் பொத்தான், சிப், கொழுக்கியை வெட்டி ஒரு ரின்னில் போடுங்கள். தோய்ந்து தோய்ந்து மெத்தென்றான பருத்தி வேட்டி பிறந்த குழந்தைக்கு, அதைவிட நல்ல துணி கடையில் இல்லை. கிழிந்த பருத்தி, அடுப்படித் துணி.

பொலியெஸ்டர் சேலைகளை நாங்கள் வகுப்பில் நாலு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, மூன்று நிறம் எடுத்து, தலைமயிர் பின்னுவது போலப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்துக் கால்மிதியாக்குகிறோம். தண்ணீரை உறிஞ்சாத குணம் இங்கே உதவுகிறது: கிணற்றடிப் படியில் போட்டால் உதறியதும் காய்ந்துவிடும். அறை வாசலுக்கு ஈரக்காலைத் துடைக்கவேண்டும், அங்கே பருத்தியில் பின்னியதைப் போடுங்கள்.